பட்ஜெட் கிராபிக்ஸ் கார்டு: எஸ்எம்பிஎஸ் லேபிளில் தொடங்கி ஓவர்கிளாக் வரை

"அண்ணா, இந்த பட்ஜெட்ல எந்தக் கார்டு பெஸ்ட்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்லும் முதல் பதில், "உங்க எஸ்எம்பிஎஸ் லேபிளை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க." எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டி. பாதிப் பேர் அதோடு காணாமல் போய்விடுவார்கள். மீதிப் பேரில் பலருக்கு, மனதில் வைத்திருந்த கார்டு ஒத்துவராது என்பது அந்தப் போட்டோவிலேயே தெரிந்துவிடும்.

அதனால்தான் இங்கே வரிசை தலைகீழாக இருக்கிறது. சுவர் பிளக்கில் தொடங்கி உள்ளே போகிறோம். எந்தக் கார்டு என்ற பரிந்துரை ஆறாவது படியில்தான் வரும். விலை எதையும் எழுதவில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் காலையில் கேட்ட விலை சாயங்காலம் இருக்காது.

1. கடைக்குப் போகுமுன் குறித்துக்கொள்ள வேண்டியவை

ஒரு தாளில் இவை இருக்க வேண்டும்: ப்ராசஸர் பெயர், மதர்போர்டு மாடல், எஸ்எம்பிஎஸ் லேபிளில் உள்ள எண்கள், கேபினெட்டுக்குள் இருக்கும் இடம், மானிட்டரின் ரெசல்யூஷன், அதில் உள்ள போர்ட்டுகள், நிஜமாகவே விளையாடப் போகும் மூன்று கேம்கள்.

இடத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். கேபினெட்டின் பின்பக்கத் தகட்டிலிருந்து முன்பக்கம் முதலில் இடிக்கும் பொருள் வரை. பழைய கேபினெட்டுகளில் அது ஹார்ட் டிஸ்க் கூண்டாக இருக்கும். இரண்டு ஃபேன் கார்டுகள் பெரும்பாலும் 200 முதல் 240 மி.மீ. நீளம். தடிமனையும் மறக்காதீர்கள். கார்டு இரண்டு ஸ்லாட் இடத்தை எடுத்துக்கொள்ளும், கீழே இருக்கும் வைஃபை கார்டு வெளியே வர வேண்டியிருக்கும்.

மானிட்டரில் நீல நிற விஜிஏ போர்ட் மட்டும்தான் என்றால் இப்போதே ஒரு செலவு சேர்கிறது. இன்றைய கார்டுகளில் பெரும்பாலும் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் மட்டுமே உண்டு. சிக்னலை உண்மையில் மாற்றித் தரும் கன்வர்ட்டர் வேண்டும், வெறும் கேபிள் போதாது.

2. எஸ்எம்பிஎஸ்: வாட்டை விடுங்கள், ஆம்பியரைப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

பெட்டியில் "450" என்று பெரிதாக எழுதியிருக்கும். அது பெரும்பாலும் மாடல் பெயர்தான். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே இருக்கும் ஆம்பியர்தான் உண்மையைச் சொல்லும். கிராபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால், 12 x 18 = 216 வாட். 450 என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது அவ்வளவுதான். அதில் 65 வாட் ப்ராசஸரையும் 130 வாட் கார்டையும் மாட்டினால் மூச்சுவிட இடமில்லை. கார்டை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக் என்ற பேச்சுக்கே வழியில்லை.

அக்கா பையன் வீட்டில் நடந்தது இது. டெஸ்க்டாப்பில் எல்லாம் சரி, கேம் தொடங்கிய மூன்றாவது நிமிடம் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். கார்டு போச்சு என்று கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டான். லேபிளைப் பார்த்தால் 12 வோல்ட்டில் 16 ஆம்பியர். கார்டு இன்றும் ஓடுகிறது, எஸ்எம்பிஎஸ் மட்டும்தான் மாறியது.

அடுத்தது கனெக்டர். மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். 6 பின் இன்னொரு 75, 8 பின் 150. கார்டுக்கான 8 பின் கனெக்டர் 6+2 ஆகப் பிரியும், ப்ராசஸருக்கானது 4+4 ஆகப் பிரியும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், உள்ளே ப்ளஸ் மைனஸ் இடம் மாறியிருக்கும். இறுக்கமாக இருக்கிறதே என்று ப்ராசஸர் கனெக்டரைக் கார்டில் அழுத்தித் திணிக்காதீர்கள். திணித்தால் ஷார்ட்.

8 பின் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கடையில் ஒரு மோலெக்ஸ் (பழைய நான்கு பின் கனெக்டர்) கன்வர்ட்டரை நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கனெக்டர் இல்லையென்றால், அந்த அளவு மின்சாரம் தர அதைச் செய்யவில்லை என்று அர்த்தம். மெல்லிய ஒயர் வழியாக இழுத்தால் பிளாஸ்டிக் உருகும்.

மாட்டியிருப்பது நல்லதுதானா என்று சந்தேகமா? எச்டபிள்யூ-இன்ஃபோ மென்பொருளைத் திறந்து, கேம் ஓடும்போது 12 வோல்ட் எண்ணைப் பாருங்கள். 11.4க்குக் கீழே போனால் அது விதிமுறைக்கு வெளியே. மதர்போர்டு சென்சார் கொஞ்சம் முன்பின் காட்டலாம், ஆனால் கேம் தொடங்கியதும் எண் சடாரென்று சரிந்தால் அது நல்ல அறிகுறி இல்லை.

3. யுபிஎஸ், எர்த்

வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். கரண்ட் போகாதவரை தெரியாது. கேம் நடுவில் போனால் யுபிஎஸ் கீச்சிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடும். மானிட்டரையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? பிளக்கில் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்ட பிறகு கார்டு வாங்கலாம்.

4. ப்ராசஸரும் ஸ்லாட்டும்

இருக்கும் கார்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கேமில் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் காட்சிகளின் எண்ணிக்கை) நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. ஏறவே இல்லையென்றால் ப்ராசஸர் தடை, புதுக் கார்டு வாங்கியும் பெரிதாக எதுவும் மாறாது. அப்படிப்பட்டவர்களில் பலரிடம் ஒற்றை ராம் ஸ்டிக்தான் இருக்கும். இரண்டாவதைப் போட்டு டூயல் சேனல் ஆக்கிப் பாருங்கள். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மட்டும் ஆடுகிறவர்களுக்குச் சில சமயம் அதுவே போதும்.

ஸ்லாட் விஷயம் இன்னும் முக்கியம். நம் ஊரில் நிறைய ஓடிக்கொண்டிருக்கும் பழைய இன்டெல் எச்81 மதர்போர்டுகளில் பிசிஐஇ (கார்டு உட்காரும் ஸ்லாட்டின் வகை) 2.0 தான். பட்ஜெட் கார்டுகளில் லேன்களை, அதாவது டேட்டா போகும் தடங்களை, குறைத்துவிடுகிறார்கள்: ஆர்எக்ஸ் 6600-க்கு 8 லேன், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு வெறும் 4. பிசிஐஇ 4.0-ல் நொடிக்கு சுமார் 8 ஜிபி கடத்தும் அந்த 4 லேன், எச்81-ல் 2 ஜிபி தான் கடத்தும். அந்த 6500 எக்ஸ்டி-யின் 4 ஜிபி மெமரி நிரம்பி வழியும்போது டெக்ஸ்ச்சர்கள் அந்த ஒற்றையடிப் பாதை வழியாகத்தான் வர வேண்டும். திரையில் திக்கித் திக்கி நகரும். கார்டில் குறையில்லை, அது உட்காரும் இடம் சரியில்லை.

இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் வசதி (ப்ராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே தடவையில் அணுக விடுவது) கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்டெல் சொல்வது 10ஆம் தலைமுறை கோர் அல்லது ரைசன் 3000 முதல். 2024 டிசம்பரில் வந்த ஆர்க் பி580, 12 ஜிபி மெமரியோடு கவர்ச்சியாக இருக்கும். பழைய ப்ராசஸரோடு சேர்த்தால் அதன் வேகம் கணிசமாக விழுகிறது. புது பிசி கட்டுகிறவர்கள் அதைத் தாராளமாகப் பட்டியலில் வைக்கலாம்.

5. பெயரில் உள்ள பொறிகள்

ஒரே பெயரில் இரண்டு வேறு கார்டுகள் விற்பது இந்தத் தொழிலில் சகஜம். கடையில் கேட்க வேண்டியது பெயர் மட்டுமில்லை. மெமரி எவ்வளவு, எந்த வகை, பஸ் (மெமரிக்குப் போகும் பாதை) எத்தனை பிட், மூன்றையும் கேட்க வேண்டும்.

ஆர்டிஎக்ஸ் 3050 என்றால் எது? 2022-ல் வந்தது 8 ஜிபி, 128 பிட், 130 வாட். 2024-ல் வந்தது 6 ஜிபி, 96 பிட், 70 வாட். ஷேடர்களும் (சிப்பில் உள்ள சிறு கணக்கு மையங்கள்) 2560-லிருந்து 2304 ஆகக் குறைவு. குறைந்த வாட் தேவைப்படுகிறவருக்கு இரண்டாவது நல்ல கார்டு. 8 ஜிபி என்று நினைத்து வாங்கியவருக்கு ஏமாற்றம்.

ஜிடிஎக்ஸ் 1650-ல் ஜிடிடிஆர்5, ஜிடிடிஆர்6 என இரண்டு உண்டு, பின்னது வேகம். 1650 சூப்பர் இவை இரண்டையும்விட ஒரு படி மேல். ஜிடி 1030-ல் டிடிஆர்4 மெமரி கொண்டது தெரியாமல் வாங்கினால், ஜிடிடிஆர்5 கொண்டதைவிட நடக்கிற வேகம்தான். ஜிடி 710, ஜிடி 730 இரண்டையும் "4 ஜிபி கார்டு" என்று சொல்லி விற்பார்கள். டிஸ்ப்ளே வர மட்டும் அவை போதும்.

நானே மாட்டிக்கொண்டது ஆர்எக்ஸ் 580-ல். செகண்ட் ஹேண்டில் 8 ஜிபி, சுத்தமான கார்டு, நல்ல விலை. வீட்டில் வந்து பார்த்தால் ஷேடர் எண் 2048. உண்மையான 580-ல் 2304 இருக்க வேண்டும். 2048 என்பது 570-ன் கணக்கு. போலி இல்லை, அந்தப் பெயரிலேயே வந்த வேறு வகை. கொடுத்தது 580-ன் விலை, கிடைத்தது 570. அன்று முதல் சோதனை மென்பொருள் உள்ள பென் டிரைவ் இல்லாமல் கார்டு பார்க்கப் போவதில்லை.

6. வாட்டை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

75 வாட்டுக்குள், தனி மின் இணைப்பு இல்லாமல்: ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, அது கிடைக்காவிட்டால் ஜிடிஎக்ஸ் 1650. அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கும் சிறிய பிராண்டட் பிசிகளுக்கு இதுவே எல்லை. அவற்றின் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் தனி வடிவம், மாற்றுவதும் எளிதில்லை. ஒல்லியான கேபினெட் என்றால் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) வகை என்று கேட்டு வாங்குங்கள். இந்த வகுப்பில் ஓவர்கிளாக் எதிர்பார்க்காதீர்கள். ஸ்லாட் தருவதே 75 என்பதால் பவர் லிமிட்டை அதற்கு மேல் ஏற்ற விடமாட்டார்கள். 1650-லேயே 6 பின் வைத்து வந்த மாடல்களில் மட்டும் கொஞ்சம் இடம் உண்டு.

100 முதல் 135 வாட்: பட்ஜெட்டில் என் முதல் தேர்வு இங்கேதான், ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி, 132 வாட், 1080பி-க்குத் தாராளம். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 125 வாட்டில் இன்னும் நன்றாகவே ஓடும், ஆனால் அதில் ரே ட்ரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டுக் காட்சி வரைவது) வன்பொருள் கிடையாது. 2025-ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள் அது இல்லாமல் திறப்பதே இல்லை. புது கேம்கள் ஆட நினைப்பவர்கள் 1660-ஐத் தாண்டிப் போகட்டும்.

150 வாட்டுக்கு மேல்: ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி (170 வாட்) செகண்ட் ஹேண்டில் நல்ல பிடி. இதிலும் 8 ஜிபி வகை ஒன்று உண்டு, பஸ் 192-லிருந்து 128 பிட்டாகச் சுருங்கியது. ஐந்தாம் படி நினைவிருக்கட்டும்.

ஓவர்கிளாக் செய்ய நினைப்பவர்களுக்கு: 130 வாட் கார்டு என்றால் இரண்டு ஃபேன் மாடல் எடுங்கள். பெட்டியில் "ஓசி" என்று போட்டு அதிக விலை சொல்வதற்கு மயங்க வேண்டாம். அந்தச் சில மெகாஹெர்ட்ஸை நீங்களே பத்து நிமிடத்தில் ஏற்றலாம். ஓவர்கிளாக் தரப்போவது 5, மிஞ்சினால் 10 சதவீதம். கீழ் வகுப்புக் கார்டை மேல் வகுப்பாக அது மாற்றாது.

7. செகண்ட் ஹேண்ட் என்றால் கடையில் அரை மணி நேரம்

கிரிப்டோ நாணயமான எதீரியம், கார்டுகளை இரவு பகலாக ஓட்டி நாணயம் சம்பாதிக்கும் மைனிங்கை 2022 செப்டம்பர் 15 அன்று கைவிட்டபோது கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே கார்டு கெட்டுவிடாது. தேய்வது ஃபேன், காய்வது தெர்மல் பேஸ்ட். கவலைப்பட வேண்டியது கார்டின் பயோஸ் (அதற்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) மாற்றப்பட்டிருக்கிறதா என்பதுதான், முக்கியமாக ஆர்எக்ஸ் 570, 580-ல்.

முதலில் ஒரு முடிவு: ஜிடிஎக்ஸ் 10 வரிசையை இப்போது வாங்காதீர்கள். 2025 அக்டோபரோடு என்விடியா அவற்றுக்கான கேம் டிரைவர்களை முடித்துக்கொண்டது. 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். ஆர்எக்ஸ் 500 வரிசையையும் ஏஎம்டி 2023-லேயே தனிக் கிளைக்கு ஒதுக்கிவிட்டது.

கடையில் "அண்ணே, ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். காட்ட மாட்டேன் என்றால் நடையைக் கட்டுங்கள். பென் டிரைவில் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட், கார்டை முழு வேகத்தில் ஓட்டி ஸ்கோர் தரும் யுனிஜின் சூப்பர்பொசிஷன் இரண்டும் இருக்கட்டும்.

அணைந்திருக்கும்போதே கார்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஃபேனை விரலால் சுற்றினால் உரசாமல் சுற்ற வேண்டும். தங்க நிறப் பற்களில் கருகல் கூடாது. கடற்கரைப் பக்கம் ஓடிய கார்டுகளில் பின் தகட்டின் திருகுகளும் போர்ட் ஓரங்களும் துருப்பிடித்திருக்கும். அப்படியென்றால் உள்ளேயும் ஈரம் போயிருக்கிறது.

பிறகு ஜிபியு-இசட். பெயருக்கு முன்னால் "ஃபேக்" என்று காட்டினால் அது பழைய கார்டுக்குப் புதுப் பெயர் எழுதியது, பேச்சே வேண்டாம். ஷேடர் எண், மெமரி வகை, பஸ் அகலம் மூன்றையும் அந்தக் கார்டுக்கான அசல் எண்களோடு ஒப்பிடுங்கள். பஸ் இன்டர்ஃபேஸ் கட்டத்தில் பிசிஐஇ "1.1" என்று பார்த்துப் பலர் பதறுவார்கள். சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரம் மிச்சப்படுத்த வேகத்தை இறக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓட்டினால் உண்மையான எண் வரும்.

கடைசியாக சூப்பர்பொசிஷனை 15 நிமிடம் ஓட்டுங்கள். வண்ணப் புள்ளிகள், கட்டங்கள் ஒன்றுகூடத் தெரியக்கூடாது. தெரிந்தால் மெமரி சாகக் கிடக்கிறது. "டிரைவர் போட்டா சரியாயிடும்" என்பார்கள். ஆகாது.

8. பொருத்துதல்

எந்தக் கார்டாக இருந்தாலும், பழையதைக் கழற்றுமுன் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை சேஃப் மோடில் ஓட்டி பழைய டிரைவரைத் துடைத்துவிடுங்கள். ஏஎம்டியிலிருந்து என்விடியாவுக்கு மாறும்போது இதை விட்டால், பின்னால் வரும் கோளாறு கார்டினுடையதா டிரைவருடையதா என்று பிரித்தறிய முடியாது.

ஸ்லாட்டில் கிளிக் என்ற சத்தம் வரும்வரை அழுத்துங்கள், பிறகு திருகு, பிறகு மின் கனெக்டர். மானிட்டர் கேபிளைக் கார்டில் மாட்டுங்கள். மதர்போர்டில் மாட்டிவிட்டு "கார்டு வேலை செய்யல" என்று வருகிறவர்கள் மாதம் ஒருவராவது உண்டு.

9. எதையும் தொடுமுன் அளந்து எழுதுங்கள்

சூப்பர்பொசிஷன் ஸ்கோர், அதிகபட்ச வெப்பம், கோர் கிளாக் (சிப் ஓடும் வேகம்), ஃபேன் வேகம், அறையின் வெப்பம். ஐந்தையும் எழுதி வையுங்கள். இது இல்லாமல் ஓவர்கிளாக் செய்தவர்களுக்கு ஏறியதா இறங்கியதா என்றே தெரியாது. கார்டைச் சூடேற்றிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருள் வேண்டாம். எந்தக் கேமும் கார்டை அப்படி வறுக்காது, அதன் எண் எதற்கும் உதவாது.

ஓடும்போது ஜிபியு-இசட்டின் சென்சார் பக்கத்தில், என்விடியா கார்டு என்றால், "பெர்ஃப்கேப் ரீசன்" என்ற வரியைக் கவனியுங்கள். கார்டு ஏன் இதற்கு மேல் ஓடவில்லை என்பதை அதுவே சொல்லும்: பவர், வெப்பம், வோல்டேஜ். பெரும்பாலான பட்ஜெட் கார்டுகளில் பவர் என்றுதான் வரும். அடுத்த படி ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

10. முதலில் வோல்டேஜைக் குறையுங்கள்

எல்லாரும் கிளாக்கை ஏற்றுவதில் தொடங்குவார்கள். கார்டு ஏற்கெனவே பவர் எல்லையில் முட்டி நிற்கும்போது கிளாக்கை ஏற்றி என்ன பயன்? சிப் எடுக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். அதே கிளாக்கில் 1.05 வோல்ட்டை 0.90-க்கு இறக்கினால் கணக்குப்படி சிப்பின் செலவு கால்வாசி குறைகிறது. அந்த மிச்சம்தான் ஓவர்கிளாக்குக்கான முதல்.

என்விடியா என்றால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கன்ட்ரோலையும் எஃப்-ஐயும் சேர்த்து அழுத்துங்கள். வோல்டேஜ் வரைபடம் திறக்கும். உங்கள் கார்டு ஒன்பதாம் படியில் ஓடிய கிளாக்கை 900 மில்லிவோல்ட் புள்ளிக்குத் தூக்கி வைத்து, அதற்கு வலப்பக்கம் இருக்கும் புள்ளிகளை அதே உயரத்தில் தட்டையாக்கி அப்ளை கொடுங்கள். ஒரு மணி நேரம் கேம் ஆடுங்கள். தொங்காமல் ஓடினால் இன்னும் 25 இறக்கலாம், தொங்கினால் 25 ஏற்றலாம்.

ஏஎம்டி என்றால் வேறு மென்பொருளே வேண்டாம். டிரைவரோடு வரும் அட்ரினலினில் ட்யூனிங் பக்கம் போய் மேனுவல் தேர்ந்தெடுங்கள். ஆர்எக்ஸ் 6600-ல் வோல்டேஜ் பெரும்பாலும் 1150 என்று நிற்கும். 25, 25 ஆக இறக்கிப் பாருங்கள்.

11. பிறகு கோர், கடைசியாக மெமரி

இரண்டையும் ஒன்றாக ஏற்றாதீர்கள். தொங்கினால் எது காரணம் என்று தெரியாது.

என்விடியாவில் கோரை 15 மெகாஹெர்ட்ஸ் படிகளில் ஏற்றுங்கள். சிப் அந்த அளவில்தான் தாவும், +7 போட்டாலும் பலனில்லை. ஒவ்வொரு படியிலும் சூப்பர்பொசிஷன் ஒரு சுற்று. திரை கறுத்து டிரைவர் மீண்டு வந்தால் இரண்டு படி பின்னால் வந்து அங்கேயே நில்லுங்கள்.

மெமரியை 100, 100 ஆக. இங்கே ஒரு நுணுக்கம். ஜிடிடிஆர்6 மெமரி பிழையைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும். அதனால் எல்லை தாண்டினாலும் திரையில் புள்ளி வராமலே ஸ்கோர் மட்டும் இறங்கும். +800 வரை ஏற்றிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்ன ஒருவரிடம் ஸ்கோர் கேட்டேன். +500-ல் கிடைத்ததைவிடக் குறைவு. ஏறிக்கொண்டிருக்கும் ஸ்கோர் எங்கே திரும்புகிறதோ, அதற்கு 100 கீழேதான் உங்கள் இடம்.

"ஸ்டார்ட்அப்பில் அப்ளை செய்" என்ற கட்டத்தில் ஒரு வாரம் ஆகும்வரை டிக் போடாதீர்கள். நிலையில்லாத அமைப்பு ஒவ்வொரு முறை விண்டோஸ் திறக்கும்போதும் தானாக ஏறினால், சேஃப் மோடில் போய்த்தான் மீள வேண்டும்.

12. சித்திரையில் மறுபடி ஒருமுறை

மார்கழி இரவில் சோதித்த ஓவர்கிளாக் அக்னி நட்சத்திரத்தில் நிற்காது. அறை 25 டிகிரியில் இருந்தபோது 68-ல் ஓடிய கார்டு, அறை 37 ஆனால் அதே ஃபேன் வேகத்தில் 80-ஐத் தொடும். வெப்பம் ஏற ஏற, சிப் அதே கிளாக்கைத் தாங்கக் கேட்கும் வோல்டேஜும் கொஞ்சம் ஏறும். நீங்கள் குறைத்து வைத்த 900 அப்போது போதாமல் போகலாம்.

ஆஃப்டர்பர்னரில் இரண்டு புரொஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய 1660 சூப்பரில் முதல் எண் குளிருக்கு: கோர் +90, மெமரி +500. இரண்டாவது கோடைக்கு: கோர் +45, மெமரி +300, வோல்டேஜ் ஒரு படி அதிகம். ஏப்ரலில் கேபினெட்டைத் திறந்து தூசியை ஊதும் அன்றே இரண்டாவதுக்கு மாற்றிவிடுவேன். ஊதும்போது கார்டின் ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ப்ளோயர் காற்றில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் தேயும்.